வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் வீட்டில் எதற்குப் பிரிக்கணும்? வாசகர் கேள்வி – பதில்

மாநிலம் முழுமைக்குமான குப்பைத் திட்டம், கழிவைக் குறைப்பது, மறுசுழற்சி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் ஓரமாக ஒரு பெட்டிச் செய்திதான் போட்டோம். இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதில் பாதிக்குப் பாதி ஒரே கேள்வி, ஆளுக்கொரு கோபத்தில். அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி என்று இரண்டும் வாங்கி, மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்து, ஒழுங்காகப் பிரித்து வைக்கிறேன். வாசலுக்கு வரும் வண்டியில் இரண்டையும் ஒரே பெட்டியில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம் நான் எதற்குப் பிரிக்க வேண்டும்?
— ஊர் பெயர் போட வேண்டாம் என்ற வாசகி

கோபம் நியாயம்தான் அம்மா. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றன. அதே விதிகளில்தான், பிரித்ததைப் பிரித்தபடியே வாங்கிக் கொண்டுபோவது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் இருந்தது. முதல் பாதியைச் சுவரில் எழுதுகிறார்கள், வண்டியில் பாட்டாகவே போடுகிறார்கள். இரண்டாம் பாதியை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

வண்டிக்காரரைத் திட்டாதீர்கள். பேட்டரி வண்டியில் பிரித்துப் போட டிரம்கள் இருக்கும்தான், ஆனால் மக்காத குப்பை எடை குறைவு, அடைத்துக்கொள்ளும் இடம் அதிகம். நாலு தெருவிலேயே அந்த டிரம் நிறைந்துவிடும், ஈரக்குப்பை டிரம்மில் இடம் இருக்கும், இன்னும் ஆறு தெரு பாக்கி இருக்கும், எட்டரைக்குள் முடிக்கச் சொல்லி மேஸ்திரி நிற்பார், அவர் என்ன செய்வார்? கையில் கிடைத்த டிரம்மில் கொட்டுவார். கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கும் லாரிதான் நிற்கிறது என்றால், அவர் பிரித்து வைத்திருந்தாலும் வீண்.

வீட்டளவில் இதில் ஒரு வழி உண்டு. மக்காத குப்பை நாறாது, அதைத் தினமும் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சாக்கில் சேர்த்து வைத்து, வாரத்துக்கு ஒருநாள் தனியாகக் கொடுங்கள், அல்லது நேராகக் காயலான் கடைக்கு அனுப்புங்கள். சாம்பார் படாத அட்டைக்குக் காசு தருவார், சாம்பார் பட்ட அட்டையை அவரே தொடமாட்டார். மறுசுழற்சியின் கணக்கு மொத்தமும் அந்த சாம்பாரில் இருக்கிறது. பால் கவரைக்கூட முனையை முழுசாக வெட்டி எறியாமல், துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வைத்தால் அது நல்ல சரக்கு. வெட்டிப்போட்ட அந்தச் சின்ன முக்கோணம் இருக்கிறதே, அதை உலகத்தில் எந்தத் திட்டத்தாலும் பொறுக்கி எடுக்க முடியாது.

குப்பை அள்ளுவது நகராட்சி, ஊராட்சி வேலை. இதில் மாநிலம் முழுக்க ஒரே திட்டம் எதற்கு? கோட்டையில் உட்கார்ந்து எங்கள் தெருக் குப்பைக்குத் திட்டம் போடுவார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

தெருவைக் கூட்டக் கோட்டை வேண்டாம் ஐயா. கூட்டியது எங்கே போகிறது என்பதற்குத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள், 500-ஐ நெருங்கும் அளவுக்குப் பேரூராட்சிகள். ஒரு பேரூராட்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பிரித்தாலும், ஒரு மாதத்தில் சேரும் பால் கவரும் பெட் பாட்டிலும் ஒரு லாரிக்குக் காணாது. லாரி நிறையாமல் வியாபாரி வரமாட்டார். சுற்று வட்டாரத்தில் பத்து ஊர் சரக்கு ஒரே இடத்தில் சேர்ந்தால் வருவார், விலையும் பேசலாம்.

அப்புறம் எதற்கும் ஆகாத, ஆனால் எரியக்கூடிய கழிவு: சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, கிழிந்த ரெக்ஸின். இவை அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு நிலக்கரியோடு சேர்ந்து எரியப் போகின்றன. பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவு புகளூர் டி.என்.பி.எல் காகித ஆலையில் இருக்கிறது. உங்கள் ஊர்க் குப்பையை வாங்கும் ஆள் நாலு மாவட்டம் தள்ளி இருக்கிறார். அவரோடு ஒப்பந்தம் போட, வண்டி வாடகையை யார் கொடுப்பது என்று முடிவு செய்ய, பேரூராட்சிச் செயல் அலுவலரால் ஆகாது.

இன்னொன்று, பாட்டிலுக்கு முன்பணம் வைப்பது, பொருளைத் தடை செய்வது, தயாரித்த கம்பெனியிடம் பொறுப்பைக் கொடுப்பது, இதெல்லாம் தெருவில் நடக்கிற காரியமே இல்லை. அதனால்தான் மாநில அரசு ஒரு கொள்கையும் செயல்திட்டமும் போட வேண்டும் என்று 2016 விதிகளே கட்டளை இட்டன. அதற்கு முன்பும் விதிகள் இருந்தன. 1996-இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கின் பலனாக 2000-இல் வந்தவை. அந்த வழக்கு போட்டபோது பிறந்த குழந்தைக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளையே இருக்கும், நாம் இன்னும் பச்சைத் தொட்டியா நீலத் தொட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மஞ்சப்பை மஞ்சப்பை என்றார்களே, இன்னும் கேரி பேக்கில்தான் கத்தரிக்காய் வருகிறது?
— வாசகர், திண்டுக்கல்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. மத்திய அரசு நாடு முழுக்கத் தடை போட்டது 2022 ஜூலையில்தான், அந்த வகையில் நாம் முந்திக்கொண்டோம். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் எந்திரமும் வந்தது.

ஆனால் சோதனைக்குப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள்? தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம். அவர் கையில் இருப்பது அரைக்கிலோ கவர். அதைச் செய்த எந்திரமோ, மூட்டையாகக் கொண்டுவந்த மொத்த வியாபாரியோ அந்த அளவுக்கு மாட்டுவதில்லை. தமிழ்நாட்டில் செய்யாவிட்டால் பக்கத்து மாநிலத்திலிருந்து லாரியில் வருகிறது. தடை என்பது சரக்கு கிளம்பும் இடத்தில் பிடித்தால்தான் தடை, கத்தரிக்காய்க் கடையில் பிடித்தால் அது வெறும் அபராத வசூல். வாங்குகிறவரும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளலாம். பை கொண்டுபோக மறந்துவிட்டு, கவர் தரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்களை நான் வாரச்சந்தையில் நிறையப் பார்க்கிறேன்.

டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, இது உண்மையில் பலன் தந்ததா? என் வீட்டுக்காரர் இப்போது பாட்டிலைப் பத்திரமாக வீட்டுக்கே கொண்டுவருகிறார்!
— வாசகி, கூடலூர்

வீட்டுக்காரரும் அப்படியே பத்திரமாக வீடு வந்து சேர்கிறார் அல்லவா, அதுவரை நல்லது.

நீங்கள் எழுதுவது நீலகிரியிலிருந்து என்பதால் உங்களுக்கே தெரிந்திருக்கும், இந்தத் திட்டம் முதலில் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான், 2022 மே மாதம். காட்டு ஓரத்தில் குடித்துவிட்டு உடைத்துப் போடும் பாட்டில் சில்லு யானையின் காலில் ஏறுகிறது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அதில் நீதிபதிகள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் இது வந்தது. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக விரிந்தது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், யாருக்கும் யாரும் புத்தி சொல்லவில்லை. விழிப்புணர்வு ஊர்வலம் இல்லை, பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் பதாகை பிடித்து நிற்கவில்லை. பாட்டிலின் தலையில் பத்து ரூபாயை வைத்தார்கள், அவ்வளவுதான். குடித்தவர் விட்டுப்போனாலும் வேறு ஒருவர் பொறுக்கிக்கொண்டு வருகிறார். ஆனால் கஷ்டம் கடை ஊழியர்களுக்கு. பத்துக்குப் பத்து கடையில் விற்கிற சரக்குக்கே இடமில்லை, இதில் காலி பாட்டில் எண்ணி, ஸ்டிக்கர் பார்த்து, அட்டைப் பெட்டியில் அடுக்கணும், ஆள் கூடுதலாகத் தரவில்லை என்று அவர்கள் போராடியதில் நியாயம் இருக்கிறது.

இதே யோசனை அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1971-லேயே சட்டமானது. ஒரு பாட்டிலுக்கு 5 சென்ட் முன்பணம். பல காலம் நன்றாக ஓடியது. விலைவாசி ஏறியது, 5 சென்ட் மட்டும் அப்படியே நின்றது, அதற்காக யாரும் குனிந்து எடுக்கவில்லை. திரும்பி வரும் பாட்டில் இரண்டு வருடம் தொடர்ந்து 80 சதவீதத்துக்குக் கீழே போனால் முன்பணம் இரட்டிப்பாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அது நடந்தது, 2017 ஏப்ரலில் 10 சென்ட் ஆனது. அந்த ஒரு வரியை நம் ஆட்களும் எழுதிவைக்கலாம், இல்லாவிட்டால் 2040-லும் இதே பத்து ரூபாய்தான் இருக்கும். இன்னும் கேட்டால், இது ஏன் மதுவோடு நிற்கணும்? குளிர்பானம், தண்ணீர் பாட்டில் எல்லாம் என்ன பாவம் செய்தன?

கல்யாண மண்டபம் நடத்துகிறேன். ஒரு முகூர்த்த நாளில் சேருகிற குப்பையைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— மண்டப உரிமையாளர், காரைக்குடி

கேட்டதற்கே உங்களைப் பாராட்டணும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு சேர்ந்தால் விதிப்படி நீங்கள் பெரும் கழிவு உற்பத்தியாளர், ஈரக்கழிவை உங்கள் வளாகத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டியவர்களின் பட்டியலில் வருகிறீர்கள்.

வாழை இலை பிரச்சினையே இல்லை, மாடு தின்னும், மக்கும். பிரச்சினை இலையோடு சேர்த்து சுருட்டி எடுக்கிறார்களே, அதில்தான். பந்தி முடிந்ததும் இலை எடுக்கிற ஆட்கள் மேசையில் விரித்த பிளாஸ்டிக் தாளின் ஒரு முனையைப் பிடித்து, இலை, மிச்ச சோறு, பாதி குடித்த கால் லிட்டர் தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், பீடா குச்சி எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி எடுப்பார்கள். ஒரு நிமிட வேலை மிச்சம். ஆனால் அந்தச் சுருட்டைப் பிரிக்க இனி யாராலும் ஆகாது, மாட்டுக்கும் போட முடியாது, போட்டால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டு அது வயிறு உப்பிச் சாகும்.

மேசையில் தாளையே விரிக்காதீர்கள், துடைக்க ஆள் போடுங்கள். எவர்சில்வர் தம்ளரை மண்டபத்துக்கே சொந்தமாக வாங்கி, வாடகையில் சேர்த்துவிடுங்கள். காகிதக் கப் தப்பில்லை என்று நினைக்கிறார்கள், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அதுவும் 2019 தடைப் பட்டியலில் இருக்கிறது. வாசலில் ‘தாம்பூலப் பைக்குத் துணி’ என்று எழுதிவைத்து உள்ளே பாட்டில் தண்ணீர் அடுக்கினால் அர்த்தமில்லை. சமையல் காண்டிராக்டரோடு ஒப்பந்தம் எழுதும்போதே இலை தனி, மற்றது தனி என்று எழுதி, கலந்தால் முன்பணத்தில் பிடிப்பேன் என்று போடுங்கள். டாஸ்மாக் பாடம்தான்.

வீட்டில் உரம் போட்டுப் பார்த்தேன். நாற்றம், புழு. பக்கத்து வீட்டில் சண்டை. விட்டுவிடலாமா?
— வாசகி, சேலம்

விடாதீர்கள். நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலைச் சருகோ, தென்னை நார்க்கழிவோ, மரத்தூளோ அதே அளவுக்குப் போட்டு மூடணும். பலர் தோலை மட்டும் போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள், அது ஊறி அழுகத்தான் செய்யும். அடியிலும் பக்கவாட்டிலும் துளை போட்ட பழைய பெயின்ட் வாளியே போதும், இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு மற்றதில் போடலாம். வாரத்துக்கு இரண்டு தடவை குச்சியால் கிளறுங்கள். தொடக்கத்தில் ஒரு கை பழைய எருவோ புளித்த மோரோ சேர்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். புழு வந்தால் பயப்படாதீர்கள், அது கடிக்காது, தின்று கரைக்கும். எறும்பு வந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கறிக் குழம்பும் மீன் முள்ளும் இதில் வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் கையில் எடுத்தால் மழை பெய்த மண் வாசம் வரணும். வரவில்லையா, இன்னும் பத்து நாள் விடுங்கள்.

பக்கத்து வீட்டுக்கு முதல் ஈட்டில் அரைக்கிலோ கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கும் ரோஜாச் செடி இருக்கும்.

எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே? வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தானே செய்கிறார்கள்?
— மென்பொருள் ஊழியர், சென்னை

வெளிநாட்டுக் குப்பையில் ரசம் இல்லை தம்பி. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்குப் பாதி ஈரம். ஈர விறகில் அடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டெல்லி திமார்பூரில் 1987-இல் டென்மார்க் உதவியோடு குப்பை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டினார்கள், குப்பையில் எரிகிற சரக்கு போதவில்லை, சில வாரங்களிலேயே நின்றுபோனது. இப்போது தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது, சரி. ஆனால் கேள்வி வேறு.

இத்தகைய ஆலையைப் போடுகிறவர் இருபது வருடத்துக்கு மேல் தினம் இத்தனை டன் தருவேன் என்று மாநகராட்சியிடம் எழுதி வாங்குவார், வாங்காமல் வங்கி கடன் தராது. அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, இங்கே மேடையில் ‘குப்பையைக் குறைப்போம்’ என்று எப்படிச் சொல்வது? ஆலைக்கு நன்றாக எரிகிற பொருள் வேண்டும். எது நன்றாக எரியும்? தாளும் அட்டையும் பிளாஸ்டிக்கும். அதாவது காயலான் கடைக்குப் போகவேண்டிய அதே சரக்கு. கொடுங்கையூரில் எரிஉலைத் திட்டம் வேண்டாம் என்று வடசென்னை மக்கள் தெருவுக்கு வந்ததை வெறும் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அனல்மின் நிலையம், எண்ணெய் ஆலை, உர ஆலை எல்லாம் ஏற்கெனவே அவர்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. வேறு எதற்கும் ஆகாத மிச்சத்தை மட்டும் சிமென்ட் சூளையில் எரிப்பதை நான் எதிர்க்கவில்லை. மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் உலை.

பெருங்குடியில் குப்பை மலையைத் தோண்டுகிறார்களாமே, பயோமைனிங் என்று? தோண்டி எங்கே போடுவார்கள்?
— வாசகர், மடிப்பாக்கம்

பழைய குப்பையைக் கிளறி, காயவிட்டு, சுழலும் பெரிய சல்லடையில் சலிக்கிறார்கள். மண் போன்றது கீழே விழும், கல்லும் கட்டடக் கழிவும் தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக்கும் துணியும் கலந்த எரிபொருள் கழிவு தனி. கல் பள்ளம் நிரப்பப் போகும், எரிவது சிமென்ட் ஆலைக்குப் போகும். மண்ணைப் பார்த்து ஏமாந்து காய்கறிப் பாத்திக்குப் போட்டுவிடாதீர்கள், பேட்டரியும் டியூப்லைட்டும் ஊறிய மண் அது.

பெருங்குடி சுமார் 225 ஏக்கர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலேயே கொட்டியது. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்துப் பக்கத்து ஊர்களெல்லாம் நாள்கணக்கில் புகை குடித்தன, உங்களுக்கு நினைவிருக்கும். அதே மாதத்தில்தான் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. சுமார் 340 ஏக்கர் கொடுங்கையூரிலும் 2024-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். நல்ல வேலை, செலவு பல நூறு கோடி. ஆனால் சென்னையில் தினம் 5,000 டன்னுக்கு மேல் புதுக்குப்பை சேருகிறது. ஒரு பக்கம் அள்ளிக்கொண்டே மறுபக்கம் கொட்டினால் காண்டிராக்டருக்குத்தான் நிரந்தர வேலை.

கேரளாக்காரர்கள் அவர்கள் குப்பையை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதைப் பற்றி ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?
— வாசகர், தென்காசி

எழுதாமல் என்ன? 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவைக் கொட்டியது அயோக்கியத்தனம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரள அரசே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. ஒன்றை மறக்கக்கூடாது, எல்லை தாண்டிக் கொண்டுவர அங்கே ஒரு ஏஜென்ட் இருந்தால், கொட்ட இடம் காட்ட இங்கே ஒருவர் இருக்கிறார்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள நல்ல சரக்கும் உண்டு. ஹரித கர்ம சேனை என்று, கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயைச் சேர்ந்த பெண்கள் வீடுவீடாக வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மட்டும் வாங்குகிறார்கள், வீட்டுக்கு மாதக் கட்டணம் உண்டு, கிராமங்களில் 50 ரூபாய் அளவில். ஈரக்குப்பை வாங்குவது பெரும்பாலும் கிடையாது, அது உங்கள் தோட்டத்தோடு. சேர்ந்ததைக் கிளீன் கேரளா கம்பெனி என்ற அரசு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு எரிந்து ஊரே மூச்சு முட்டிய பிறகு இதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். நம் வேலூர் ஸ்ரீனிவாசன் கூட இதே மாதிரி, குப்பை புதிதாக இருக்கும்போதே கையால் பிரித்து, மாட்டுக்கும் உரத்துக்கும் விற்பனைக்கும் அனுப்பும் முறையை வேலூரில் தொடங்கி, சத்தீஸ்கர் அம்பிகாபூர் வரை கொண்டுபோனார். அம்பிகாபூரில் மகளிர் குழுக்கள்தான் நடத்துகின்றன, பழைய குப்பை மேடு பூங்கா ஆகிவிட்டது. யோசனை வேலூரிலிருந்து போனது என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

நாப்கினை எந்தத் தொட்டியில் போடுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவி, திருச்சி

கூச்சம் வேண்டாம் தங்கச்சி, இதைக் கேட்காததால்தான் அதை இன்னொருவர் வெறுங்கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது. பச்சையிலும் வேண்டாம், நீலத்திலும் வேண்டாம். செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டு, தனியாகக் கொடுங்கள், டயபரும் அப்படியே. சுற்றிப் போட உறையைக் கம்பெனியே தரவேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது, தருகிற கம்பெனி எத்தனை என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் இந்தச் சுகாதாரக் கழிவைத் தனி வகையாகவே வைத்து, மொத்தம் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன.

இதையெல்லாம் அள்ளுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?
— தூய்மைப் பணியாளரின் மகன், சென்னை

திட்டத்தின் பலவீனமே அங்கேதான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள், கடைசியில் நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். வேலை நிரந்தரம் இல்லை, சம்பளம் குறையும் என்ற கவலை ஒருபுறம். இன்னொரு விஷயம் கவனியுங்கள். சென்னையில் 2000-ஆம் ஆண்டு முதன்முதலாகத் தனியார் வந்தபோது கூலி டன் கணக்கில் இருந்தது. டன்னுக்கு இவ்வளவு என்றால் எந்த நிறுவனமாவது குப்பை குறையட்டும் என்று நினைக்குமா? பின்னால் வந்த ஒப்பந்தங்களில் வேலையின் தரத்தை வைத்துப் பணம் என்று மாற்றினார்கள், ஆனாலும் பல ஊர்களில் இன்னும் வண்டி நடை, எடைச்சீட்டுதான் பேசுகிறது.

குறைப்பதுதான் குறிக்கோள் என்றால் கிடங்குக்குப் போகாத ஒவ்வொரு டன்னுக்கும் காசு கொடுக்கணும். பிரித்து விற்றதில் வரும் தொகை பிரித்த கைக்கே போகணும். தெருவில் சாக்கோடு நடக்கிற பழைய பேப்பர், பாட்டில் பொறுக்குகிறவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்துத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னது 2016 விதி. எந்த அறிக்கையிலும் வராத மறுசுழற்சியை இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். உடைந்த பாட்டிலை நாலு சுற்று காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுப்பது நம்மால் இன்றைக்கே முடிந்தது.

கிராமசபையில், பகுதி சபாவில் எதைக் கேட்டால் பதில் வரும்?
— வாசகர், பொள்ளாச்சி

‘ஏன் அள்ளவில்லை’ என்று கேட்டால் ‘அள்ளுகிறோம்’ என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: போன மாதம் மொத்தம் எத்தனை டன் சேர்ந்தது, அதில் உரமானது எவ்வளவு, விற்றது எவ்வளவு, யாருக்கு விற்றீர்கள், மிச்சம் எந்தக் கிடங்குக்குப் போனது? ஒப்பந்தக்காரருக்கு எந்தக் கணக்கில் பணம்? கிராமசபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, நகரத்தில் பகுதி சபா 2022 நவம்பரிலிருந்து இருக்கிறது. வாயால் பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் இதே கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். பதில் வந்தால் ஒரு நகல் நமக்கும் போடுங்கள், ஊர் பெயரோடு வெளியிடுவோம்.

பழைய சார்ஜர், செத்துப்போன ரிமோட் பேட்டரி?
— வாசகர், விருதுநகர்

தொட்டியில் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வாருங்கள். நிறைந்ததும், மின்னணுக் கழிவு வாங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தவர்களிடம் கொடுங்கள். வீங்கிய செல்போன் பேட்டரி மட்டும் டப்பாவிலும் போடாதீர்கள், அது தீப்பிடிக்கும். அதைத் தனியாக, வெயில் படாத இடத்தில், மணல் போட்ட மண் சட்டியில் வையுங்கள்.